கேட்டில் கை வைக்காதீர்கள்

"கேட்டத் தொடாதீங்க!" என்று கூடத்திலிருந்து கத்தினாள் அவள். கணவனை நடுக்கூடத்தில் கிடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மாலையோடு உள்ளே வந்துகொண்டிருந்த எதிர்வீட்டு டெய்லரம்மா, சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள். துக்க வீட்டில் இப்படி ஒரு வரவேற்பை அவள் கண்டதில்லை.

"பாவம், அதிர்ச்சி," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"அதிர்ச்சியா? இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, பாத்துக்கோ." கண்ணீரை அளக்கவும் டெய்லரம்மாவிடம் இஞ்சு டேப் உண்டு.

இருபது வருஷமாக ஊரார் கேட்டையெல்லாம் சுரண்டித் துரு எடுத்துப் பெயின்ட் அடித்த மனுஷன். சொந்தக் கேட் மட்டும் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. "உங்க தொழிலச் சொன்னா நம்ம கேட்டே சிரிக்குது," என்று நேற்றுகூடக் குத்திக் காட்டினாள். இன்று காலை ஏழு மணிக்கு அவர் சுரண்டியை எடுத்தார். பழைய பெயின்ட் உரிந்தது. கை கிரைண்டரில் கம்பி பிரஷைப் பூட்டித் துருவை எடுத்தார்; மூலை முடுக்குக்கு உப்புத்தாள். ஒன்பதரைக்குக் கேட் வெள்ளியாய்ப் பளபளத்தது. பிரைமர் டப்பாவின் மூடியை நெம்பும்போது மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

சுரண்டிய இரும்பை அன்றைக்கே பிரைமர் அடிப்பூச்சால் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் துரு திரும்பக் காற்றின் ஈரமே போதும். வியர்த்த கை பட்டால் இன்னும் சீக்கிரம். வந்தவர்களோ ஆளுக்கொரு கை வைத்துத் தள்ளினார்கள். வானம் வேறு மூட்டம் போட்டிருந்தது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடிக்கப் போவதுபோல வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். மேல் கம்பியில் நான்கு விரல் தடங்கள் பழுப்பாகப் பூத்திருந்தன.

"ஒரு எடத்துல உக்காரேன்டி," என்று பெரிய நாத்தனார் பல்லைக் கடித்தாள். "ஊரே பாக்குது."

இரண்டு மணிக்கு, அவரோடு வேலை பார்த்தவன் வந்தான். தொண்டைக்காக 'ஸ்பீக்கர்' என்று பெயர் வாங்கியவன். கேட்டைக் கையால் தொடவில்லை. செருப்புக் காலால் அடிக்கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"எப்ப முடிச்சாரு அண்ணி?" அந்தத் தொண்டையில் இன்று சத்தமே இல்லை.

"ஒம்பதரைக்கு."

"இப்படியே விட்டா நாளைக்கு மறுபடி மொதல்லேர்ந்து சுரண்டணும்."

"யாரு சுரண்டுவா?"

அவன் கைபட்ட இடங்களை உப்புத்தாளால் தேய்த்துத் துணியால் துடைத்தான். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு பிரைமரில் பிரஷை முக்கினாள்.

"என் தம்பி அங்க கெடக்கறான், இவ பெயின்ட் அடிக்கறா!" பெரிய நாத்தனாரின் குரல் தெருக்கோடிவரை போனது. டெய்லரம்மா நாற்காலியையே வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் அவள், திரும்பாமல். "நான் சொல்லித்தான் செஞ்சாரு."

நாத்தனார் வாசல்வரை வந்து கேட்டைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. கேட் முழுக்கச் செங்காவியாக, ஈரமாக நின்றது. தூக்கியவர்கள் தோளை ஒடுக்கி, அடிமேல் அடிவைத்து வெளியேறினார்கள். அவர்களுக்கு முன்னால் பெரிய நாத்தனார் இரண்டு கைகளையும் விரித்தபடி, "மெதுவா... மேல படாம... ஈரம், ஈரம்," என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து போனாள்.