இருபத்தைந்துக்கு மேல்

தம்பியின் உயிருக்கு அண்ணன் பன்னிரண்டு சதவீதம் தள்ளுபடி கொடுத்திருந்தான். கூடவே எஞ்சின் உறை ஒன்றும் இலவசம். அதை யாரிடமும் சொல்ல முடியாமல், கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருக்க, வந்தவர்களுக்கு நாற்காலி பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

விடிகாலையில் நடந்தது. கரை திரும்பும்போது தம்பி சட்டென்று வேகத்தைக் குறைத்திருக்கிறான். துரத்தி வந்த அலை, எஞ்சின் கனத்தில் ஏற்கெனவே தாழ்ந்திருந்த பின்பலகையைத் தாண்டிப் படகுக்குள் விழுந்திருக்கிறது. இரண்டாவது அலைக்கு அதிகம் வேலையில்லை.

அவனுக்கு எப்போதுமே வேகம்தான் என்றார் வந்தவர்களில் ஒருவர். அந்தச் சின்னப் படகுக்கு அவ்வளவு பெரிய எஞ்சின் எதற்கு, ஆசைக்கு அளவு வேண்டாமா என்றார் இன்னொருவர். அண்ணன் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டான்.

பின்பலகையருகே ஒரு தகடு அடித்திருந்தது. இத்தனை பேர், இத்தனை கிலோ, எஞ்சின் அதிகபட்சம் இருபத்தைந்து குதிரைத்திறன். தம்பி அதைப் படித்துவிட்டுத்தான் அண்ணனின் எஞ்சின் கடைக்கு வந்தான். இருபத்தைந்து கையிருப்பில் இல்லை. வர ஆறு வாரம் ஆகும். நாற்பதோ இரண்டு வருடமாகக் கடையில் தூசி தின்றுகொண்டிருந்தது.

"தகடெல்லாம் பயந்தவனுக்குடா. நாப்பதப் போட்டு பாதி வேகத்துல ஓட்டு. எஞ்சினும் நோகாது" என்றான் அண்ணன். எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்கிற அதே வசனம், அதே சிரிப்பு.

"படகு தாங்குமாண்ணே?" என்று தம்பி அன்று மூன்று முறை கேட்டான். இன்று காலையிலிருந்து நான்காவது முறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

படகுப் பதிவு அலுவலகத்து எழுத்தர் விபத்துப் படிவத்தோடு வந்தார். உடலை எடுப்பதற்குள் முடித்துவிடலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்த எஞ்சினை யார் சொல்லிப் பொருத்தினார்கள் என்பது கடைசிக் கேள்வி. சுவரோரம் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி முந்திக்கொண்டாள்.

"மாமா வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு. இவருதான் கேட்டிருக்க மாட்டாரு." பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "மனசுல வெச்சுக்காதீங்க மாமா. அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றாள்.

எதிராளி தானாகவே இறங்கி வரும்போது வாயைத் திறக்காதவன்தான் வியாபாரி. அண்ணன் திறக்கவில்லை. எழுத்தர் பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமி, பற்றிக்கொண்டு, சீராக ஓடத் தொடங்கியது.

தம்பி மனைவி முகத்தை நிமிர்த்தினாள். இத்தனை மாதமாக அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். கலைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வந்துட்டாரு" என்றாள், மிகச் சாதாரணமாக. "இன்னும் உலை கூட வைக்கலையே."

யாரும் அசையவில்லை. இரண்டடி வைத்தவள், தரையில் கிடந்த கால்களைப் பார்த்து நின்றாள்.

அது அண்ணன் இட்ட உத்தரவு. உப்புத் தண்ணீரில் மூழ்கிய எஞ்சினை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே துருவேறி இறுகிவிடும். கரையில் தம்பியின் சட்டை சொட்டிக்கொண்டிருந்தபோதே அதை மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தான். வாய் தன் பாட்டுக்குச் சொன்னது. இப்போது கடையின் பின்புறத் தொட்டியில் அது ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தச் சொல்ல அவன் போனை எடுத்தான்.

"வேணாம்" என்றாள் அவள். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."

போனை வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "நான் வேணாம்னு சொல்லலம்மா. அவன் மூணு தடவ கேட்டான். போடச் சொன்னதே நான்தான்."

அவள் சத்தம் வரும் திசையில் தலையைச் சாய்த்து நின்றாள்.

எழுத்தரின் கையிலிருந்து படிவத்தை வாங்கி, முழங்காலில் வைத்து அவனே நிரப்பினான். அனுமதி: 25. பொருத்தியது: 40. அதிகம்: 15. பரிந்துரைத்தவர் பெயர் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது.

'அண்ணன்' என்று எழுதினான்.