திருப்பத்தில் சிக்கிய பீரோ

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு மரப் பீரோ குறுக்கே சிக்கிக்கொண்டு நின்றது. அதற்கு மேல்படியில் எதிர்வீட்டுத் தையல்காரி உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பின்னால் நான். போக வழியில்லாததால் கேட்டேன். கேட்டுத் தொலைத்ததால் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வீடு மாறுவது என்பது வாழ்க்கையை மடித்து வைப்பது, அதன் ஒவ்வொரு மடிப்பிலும்...’

(சகிக்கவில்லை. ஒரு அட்டைப்பெட்டியையாவது தூக்கியவர் இப்படி எழுதமாட்டார்.)

2

நடந்தது இதுதான். அவள் கணவர் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர்.* வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மறுநாளிலிருந்து வீடெல்லாம் பெட்டி. டீ வடிகட்டியைத் தேடினால் அது ‘அவசரமில்லை’ என்று எழுதிய பெட்டிக்குள். குளித்துவிட்டுக் கையை நீட்டினால் துண்டு இல்லை. ஒட்டிய டேப்பைப் பிரித்துப் பிரித்தே அவள் நகமெல்லாம் போயிற்று. தெருவில் பாதிப் பேர் அவள் தைத்ததைத்தான் உடுத்துகிறார்கள். அவர்களிடம் “இனிமே வராதீங்க” என்று சொல்வதும் அவள் பாடாயிற்று.

“புது வீட்ல என் மிஷின் எங்க வைக்கிறது?”

“அங்க போய்ப் பாத்துக்கலாம்மா.”

எப்போது கேட்டாலும் இதே பதில்.

* கணக்குப் பார்ப்பவர் பீரோவை அளக்காமல் விட்டது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

3

அவரை வில்லனாக்கிவிட்டேனோ? அவளுடைய நூல்கண்டுகளை நிறம் பார்த்து அடுக்கி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி வைத்ததும் அந்த மனிதர்தான். இதை மறைத்தால் கதை ஜோராக ஓடும். ஆனால் நியாயமில்லை. ஒழுங்காகக் கெட்டவனாக இருக்கக்கூட ஒத்துழைக்காத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

4

“கழட்டாம இறங்காது சார்” என்றார் சுமை தூக்க வந்தவர்.

“அப்ப ஏறினது எப்படி?” என்றார் கணவர்.

“ஏறவே இல்ல” என்றாள் அவள் மேலிருந்து. “ஆசாரி ரூமுக்குள்ளயே வச்சுச் செஞ்சது. நீங்க அன்னிக்கு ஆபீஸ்ல.”

“தெரிஞ்சும் வாயைத் திறக்கலையே!”

“என்னை யாரு கேட்டா? ஊரைக் கேட்டீங்களா, வீட்டைக் கேட்டீங்களா? மிஷினுக்கு இடம் இருக்கா இல்லையா, அதையாவது சொல்லுங்க.”

கீழிருந்து கணவர் இழுத்தார், “ஹால் சின்னதும்மா. வித்துட்டு, அப்புறமா வேற...”

“வித்துட்டா?” அவள் எழுந்து நின்றாள். “அப்ப நான் வரல.”

கத்தவில்லை. துணியில் கோடு போடுகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“அக்கா, இங்கயே கழட்டி இறக்கவா, மேலயே ஏத்திடவா?” என்றார் சுமை தூக்குபவர்.

கணவரின் தலைமுடி மட்டும்தான் பீரோவுக்கு மேல் தெரிந்தது. முகம் எப்படி இருந்ததோ.

“என்ன செய்யலாம்?” என்றார். “நீ சொல்லு.”

5

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் ‘கழட்டுங்க’ என்றாள். புது வீட்டில் ஜன்னலோரம் மிஷினுக்கு இடம் கிடைத்தது. எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது.

இன்னொன்றில் பீரோ மேலே ஏறியது. அவர் தனியாக லாரியில்... (இது கதையில்லை, நான் அவரைப் பழிவாங்குவது.)

அவள் உண்மையில் சொன்ன பதில் என் காதில் விழுந்தது. ஆனால் எழுதமாட்டேன். இத்தனை நாள் அவளுக்காக மற்றவர்கள் முடிவெடுத்தது போதாதா? நடுவில் நான் வேறா? வேண்டுமானால் நீங்களே என் படியில் வந்து நின்று கேட்டுக்கொள்ளுங்கள். அவளை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். பீரோவைத் தோளில் தாங்கி நிற்பவர் என்னவோ ஏற்கெனவே அவசரப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்:

“அக்கா, கை போகுதுக்கா!”