நாலு மூலைக் கலயங்கள்

கொசுவை ஒழிக்க வழி சொல்கிறவர்களுக்கு உடும்பஞ்சோலை மலையில் அந்த வருஷம் பஞ்சமே இல்லை. ஒழித்துக் காட்டியவர் யார் என்று கேட்டால்தான் ஆள் அகப்படாது. கத்தரீனாள் அப்படியெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. அவள் மகள் அன்னாளுக்கு ஐந்து வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் உச்சிப்பொழுதில் பிள்ளைக்குக் குளிர் எடுக்கும். பல் தந்தியடிக்கக் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பாள். பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். முறைக்காய்ச்சல். கொயினா என்கிற கசப்பு மருந்துத் தூள் கொடுத்து இரண்டு தடவை அடக்கியாயிற்று. இரண்டு தடவையும் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தது. மூன்றாவது தடவையாகத் தூள் கொடுத்து, இப்போதுதான் நின்றிருக்கிறது.

ஏலத்தோட்டத்து மருந்துக் கொட்டகையில் இருந்த செல்லத்துரை கம்பவுண்டர் ஒளிவு மறைவு இல்லாத மனிதர்.

“கொயினா காய்ச்சலைத்தாம்மா விரட்டும், கொசுவை விரட்டாது” என்றார். “இன்னொரு தடவை திரும்பிச்சுன்னா பிள்ளை தாங்காது. சொல்லிட்டேன்.”

அதைக் கேட்ட நாளிலிருந்து கத்தரீனாளுக்குச் சோறு இறங்கவில்லை. கொசு எங்கே இருக்கிறது? தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கொல்லை. நாலு கட்டில் போடுகிற அகலம்தான். ஆனால் லயத்திலேயே அதற்கு ஈடு கிடையாது. பந்தலில் பூசணி, வேலியில் அவரை, மூலையில் இரண்டு வாழை, வரிசையாகச் சேம்பு. சாயங்காலம் ஆனால் போதும், அந்தப் பச்சைக்குள்ளிருந்து கொசு கிளம்பி நேரே அன்னாளின் பாய்க்கு வந்துவிடும்.

தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் கொசு முட்டையிடும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். மறுநாள் அவரே வந்து கொல்லையைப் பார்த்தார். ஒரு சிரட்டையைக் கவிழ்த்தார், உடைந்த சட்டி ஒன்றை வேலிக்கு வெளியே எறிந்தார். வேறு எங்கேயாவது தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கேட்டார். ஒரு சொட்டுக் கிடையாது என்றாள் கத்தரீனாள்.

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் கங்காணியிடம் நல்ல பேர் எடுத்திருப்பாளே. கொல்லையின் நாலு மூலையிலும், செடிகளின் அடியில் பாதி புதைத்து, நாலு கலயம் இருந்தது நிஜம். அவற்றில் இருந்தது தீர்த்தம். பாஸ்காப் பண்டிகை முடிந்து கம்பம் ஊர்ப்பக்கத்திலிருந்து கோவில் சாமியார் மலையேறி வந்தபோது, உப்புப் போட்டு மந்திரித்துக் கொடுத்தது. ஒரு செம்புத் தீர்த்தத்தை நாலாகப் பங்கிட்டு, காய்ச்சல் இந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று செபம் சொல்லி அவள் வைத்தாள். வெயிலில் குறைந்துபோகிறதே என்று ஞாயிறுதோறும் ஊற்றுத் தண்ணீரை மேலே விட்டு நிரப்பினாள். தீர்த்தத்தோடு சேருகிற தண்ணீரும் தீர்த்தம்தான் என்பது அவள் ஊர்ப்பக்கம் எல்லாரும் கொண்டிருந்த வழக்கம். தேங்கிய தண்ணீர் எங்கே என்று கேட்டால், குடத்தையும் குட்டையையும் நினைப்பாளா, இதை நினைப்பாளா?

கம்பவுண்டர் சேம்பைக் காட்டினார். அதன் மட்டையிடுக்கில் மழைத்தண்ணீர் நிற்கிறதாம். அன்றைக்கே அரிவாள் எடுத்து ஒரு வரிசைச் சேம்பையும் அறுத்துப் போட்டாள். கிழங்கு வைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அழுகையாக வந்தது, ஆனால் பிள்ளையைவிடச் சேம்பா பெரிது?

கொசு குறையவில்லை.

பெரியமுத்துக் கங்காணி வழியில் நின்று, வாழைதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். வாழை குலை தள்ளியிருந்தது. அதையும் சாய்த்தாள். அவள் புருஷன் சுவக்கீன் நொச்சிப் புகை போட்டால் போதும் என்றான். புகை போட்டார்கள்; கொசு போகவில்லை, அன்னாள்தான் விடிய விடிய இருமினாள். ஏலக்காட்டு ஓடையிலிருந்து வருகிறது, நாம் என்ன செய்ய என்று பிறகு கையை விரித்துவிட்டான். கங்காணி ஒன்று சொல்கிறார், கம்பவுண்டர் ஒன்று சொல்கிறார், புருஷன் ஒன்று சொல்கிறான். மூன்று பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அப்படியானால் கொசுதான் பொய்யா? கத்தரீனாளுக்குத் தலை சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை கலயங்களை வழக்கத்தைவிடத் தளும்ப நிரப்பி, முழங்காலில் இருந்து செபமாலையை உருட்டி ஐம்பத்துமூன்று மணி செபமும் சொன்னாள்.

அடுத்த வீட்டுக் குருவம்மாளுக்கு அவள்மேல் உண்மையான பிரியம் உண்டு. அவளும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்.

“மதினி, கொசு பகலெல்லாம் எங்கன படுத்துக் கெடக்கும்னு நெனைக்கிற? ஒம் பந்தலுக்குள்ளதான். கையை விட்டுப் பாரு, ராத்திரி மாதிரி இருட்டா இருக்கு.”

கையை விட்டுப் பார்த்தாள். மெய்தான், கொசு மொய்த்தது. பூசணிக் கொடியை வேரோடு பிடுங்கினாள். பிஞ்சுகள் விரல் நீளம் இருந்தன. கையோடு அவரையையும் இழுத்துப் போட்டாள். இனி யார் வந்து எதைக் குறை சொன்னாலும் வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வளர்த்தது பத்தே நாளில் மொட்டைத் தரையாகிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமும் கொசு வந்தது. எதிலிருந்து வந்தது, எதற்காக வந்தது? கத்தரீனாள் பின்வாசலில் உட்கார்ந்து வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யார்மேல் கோபப்படுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே அன்னாள் காலைச் சொறிகிற சத்தம் கேட்டது.

காய்ச்சல் விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. மறுநாள் ஞாயிறு. உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் கம்பவுண்டர் பிள்ளையைப் பார்க்க வந்தார். பின்கதவு திறந்து கிடந்தது. கொல்லையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சேம்பு ஒன்றைத்தானே அவர் அறுக்கச் சொன்னார்! சுத்தமாக மழித்த தரை. நாலு மூலையிலும் வாயைத் திறந்துகொண்டு நாலு கலயம். இத்தனை நாள் இலைக்கடியில் கிடந்தவை இப்போது பட்டப்பகலில் வெட்டவெளியில் இருந்தன.

“இது என்னம்மா?”

“தீர்த்தங்கய்யா. சாமியார் மந்திரிச்சுக் குடுத்தது.”

அவர் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை எடுத்தார். ஒரு கலயத்தில் முகந்து, வெயிலில் அவள் பக்கமாக நீட்டினார். வெள்ளைக் கிண்ணத்தில் மயிரளவு கறுப்புப் புழுக்கள் நெளிந்தன. மேலே வருவதும் கீழே போவதுமாக ஒரு பெருங்கூட்டம்.

“தண்ணி இருக்கான்னு அன்னைக்கே கேட்டேனே.”

“இது தண்ணி இல்லைங்கய்யா.”

“கொசுவுக்கு அது தெரியாதும்மா” என்றார் செல்லத்துரை. குரலில் கேலி இல்லை. “கவிழ்த்துரு.”

கவிழ்ப்பதா? தீர்த்தத்தைக் கால் படுகிற மண்ணில் கொட்டுவதா? அவர் மிஷன் சபைக்காரர்; அவர்கள் கோவிலில் தீர்த்தம் கிடையாது. அப்படிப்பட்டவர் கொட்டச் சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? சாமியாரைக் கேட்கலாமென்றால் அவர் இனி மலையேறி வர மூன்று மாதம் ஆகும். ஆனால் கிண்ணத்தில் நெளிகிறது என்ன? மந்திரித்த தண்ணீரில் புழு எப்படி உயிரோடு இருக்கும்? ஊற்றுத் தண்ணீரை விட்டு விட்டு அதன் பலனை நாம்தான் போக்கடித்தோமா? பலன் போயிருந்தால் இது வெறும் தண்ணீர், கொட்டினால் பாவமில்லை. போகவில்லை என்றால் இந்தப் புழுக்கள் யார் காவலில் வளர்கின்றன? எந்தப் பக்கம் போனாலும் அவள் மூளை முட்டிக்கொண்டு நின்றது. கம்பவுண்டர் குனிந்து ஒரு கலயத்தில் கை வைத்தார்.

“தொடாதீங்கய்யா” என்று அவர் கையைத் தட்டிவிட்டாள். பெரிய மனுஷர் கையைத் தட்டிவிட்டோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. கலயத்தை மண்ணிலிருந்து பிடுங்கி, பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அப்போது உள்ளேயிருந்து அன்னாளின் குரல் வந்தது.

“அம்மா, குளுருது.”

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. குளிர் என்றால் அவள் முதலில் செய்வது ஒன்று உண்டு; கலயத்தில் விரலை நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போடுவாள். பழக்கத்தில் விரல் கலயத்துக்குள் போனது. விரல்நுனியில் என்னவோ துள்ளியது. கையை வெளியே இழுத்தாள். இந்த விரலையா நான் இத்தனை நாள் பிள்ளை நெற்றியில் வைத்தேன்? எந்தக் காவலுக்கு இதை வைத்தேனோ, அதுவே என் பிள்ளையைத் தின்றுகொண்டிருந்ததா? ஞாயிறு தவறாமல் நானே ஊற்றி ஊற்றி வளர்த்தேனே!

அவள் கலயத்தைக் கவிழ்த்தாள். மண் சர்ரென்று உறிஞ்சியது. இரண்டாவது மூலைக்குப் போனாள், மூன்றாவதுக்குப் போனாள். ஒவ்வொன்றையும் கவிழ்க்கும்போது வாய் மட்டும் “மன்னியும், மன்னியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. கொட்டியதற்காகச் சர்வேசுரனிடம் கேட்கிறாளா, கொட்டாமல் வைத்திருந்ததற்காகப் பிள்ளையிடம் கேட்கிறாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. நாலாவது கலயம் கை நழுவி உடைந்தது.

கம்பவுண்டர் அதற்குள் கொயினாவைக் கரைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். கத்தரீனாள் ஈரக் கையைச் சேலையில் அழுந்த அழுந்தத் துடைத்தாள். பாவமா இல்லையா என்பதைச் சாமியார் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம். அன்னாளின் பல் தந்தியடிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. ஓடிப்போய்ப் பிள்ளையை மடியில் அள்ளிப்போட்டு, இருந்த கம்பளி, சாக்கு எல்லாவற்றையும் இழுத்துப் போர்த்தினாள். நெற்றிப் பக்கம் போன கையை மட்டும் பாதியிலே நிறுத்திக்கொண்டாள்.