பசை போட்ட வீடு

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம். யொலாண்டாவின் வீடு பிரிட்ஜ்டவுன் கலைக்கூடத்து வாசலில் நின்றது. வாசல் நான்கடி அகலம், வீடு ஐந்தடி.

வீடு என்றால் சிற்பம். செயின்ட் லூசி வட்டாரத்தில் எங்கள் தாத்தா இருந்த மர வீட்டைப் பாதி அளவில் செய்திருந்தாள். கூர்க்கூரை, சாய்பலகை ஜன்னல், அடியில் பவளக்கல். பெயர் ‘வேர்’. அவள் கடல் கடந்து லீட்ஸில் பிறந்தவள், என் அத்தை மகள்.

“சுவரைக் கழட்டி உள்ள கொண்டுபோய் மாட்டு. இதுக்கா இவ்வளவு கூச்சல்?” என்றார் அப்பா.

“கழட்ட முடியாது மாமா. ஒட்டிட்டேன்.”

“எதை?”

“எல்லாத்தையும். பசை. அதுக்கு மேல திருகாணி.”

அப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “நாலு வாரமா என் கொல்லையிலதானே செஞ்ச? ஒரு வார்த்தை கேட்டியா?”

“தார்ப்பாய் போட்டு மூடியிருந்தேன். உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு.”

“ஆச்சரியமாத்தான் இருக்கு, மருமகளே.”

லாரிக்காரர் ஸ்டான்டன் ஹாரன் அடித்தார். “அம்மணி, வீடு உள்ள போகுதா, இல்ல நான் வீட்டுக்குப் போகட்டுமா?”

இன்று மாலைக்குள் உள்ளே வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு என்று கலைக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

“அறுத்துடலாமே,” என்றேன் மெதுவாக.

“அறுத்தா அர்த்தமே போச்சு!” யொலாண்டா என்னிடம் பாய்ந்தாள். “இது அசையாத வீடு. சொந்த மண்ணுல எழுபது வருஷம் நின்னுதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. லீட்ஸ்ல எவனாவது ‘நீ எந்த ஊரு’ன்னு கேட்டா, நான் இதைத்தான் சொல்லுவேன்.”

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நான்கு வாரமாக அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டால், “உங்க அத்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்” என்பார்.

“உங்கம்மா...”

“அம்மாவுக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. பின்னாடி பெரிய கதவு இருக்கா பாருடி,” என்றார் என்னிடம்.

“அதுவும் நாலடிதாம்ப்பா.”

ஸ்டான்டன் விடாமல் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். அப்பா லாரியிலிருந்து ரம்பத்தை எடுத்தார். யொலாண்டா குறுக்கே போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

“கை வைக்காதீங்க மாமா. நம்ம வீடு ஒரு அங்குலம்கூட நகர்ந்ததில்ல.”

“அஞ்சு தடவை நகர்ந்துச்சு!” அப்பாவின் குரலில் ஹாரன் நின்றுபோனது. “அது கரும்புத் தோட்டத்து மண்ணு. துரை சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணுன்னா, பிரிச்சு வண்டியில ஏத்திட்டுக் கிளம்பணும். நமக்குன்னு ஒரு அடி நிலம்கூட இருந்ததில்ல, யொலாண்டா.”