காலியாக இருக்கவேண்டிய அணை

எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் சின்ன அணையில் தண்ணீர் நிற்கக் கூடாது. மழை கொட்டும்போது வெள்ளத்தைப் பிடித்து வைத்து, அடியில் இருக்கும் குழாய் வழியாக மெல்ல மெல்ல விடுவதற்காகக் கட்டியது அது. மற்ற நாட்களில் காலியாகக் கிடப்பதுதான் அதன் வேலை. மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறேன். ஆசிரியரிடம் கேட்டு இதை உறுதிசெய்துகொண்டேன். பிறகும், தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று இன்னொரு முறை கேட்டேன்.

அக்காவின் கணவர் அந்தக் குழாயின் வாயில் பலகை அடித்து, இடுக்குகளில் சாக்கைத் திணித்தார். தண்ணீர் நின்றது. மீன்குஞ்சு விட்டார். ஊரே போய்ப் பார்த்துக் கண் குளிர்ந்தது.

"மாமா, மழைக்கு முன்னாடி பலகைய எடுத்துடுங்க. அம்மா வீடு நேர் கீழே இருக்கு."

"வாங்க இன்ஜினியரம்மா! தண்ணி நிக்காத அணையும் பால் கறக்காத மாடும் எதுக்கு? அதையும் உங்க வாத்தியார்கிட்ட கேட்டுட்டு வாங்க."

அக்கா சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அம்மாதான் என்மேல் பாய்ந்தாள்.

"மாப்பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறியாடி? உங்க அக்கா அங்க வாழணும்."

மழை பிடித்த மதியம் அவரை இழுத்துக்கொண்டு அணைக்குப் போனேன். வழியெல்லாம், "எடுத்துடறேன், எடுத்துடறேன், கத்தாதே" என்றார். பலகை ஓர் ஆள் ஆழத்துக்கும் கீழே இருந்தது. மூங்கிலை விட்டு நெம்பினார். மூங்கில் முறிந்தது. அத்தனை தண்ணீரும் பலகையைக் குழாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. அடைக்கும்போது அணை காய்ந்து கிடந்ததால், நிறைந்த பிறகு எப்படி எடுப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை.

"இப்ப என்னடா பண்றது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அணை உடையவில்லை. புதிய வெள்ளத்துக்கு அதில் இடம் இல்லாததால், வந்தது வந்தபடி மேலே வழிந்து, கீழ்த்தெருவுக்குள் இறங்கியது. நாங்கள் ஓடி வருவதற்குள் அம்மா அடுப்பு மேடைமேல் ஏறி நின்றிருந்தாள். மாமாதான் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நீந்தாத குறையாகப் போய், அவளைத் தோளில் தூக்கி வந்தார். பின்சுவர் எங்கள் கண்ணெதிரே சரிந்தது.

வெள்ளம் வடிந்ததும் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். தெருவே கூடியிருந்தது.

"குழாயை அடைச்சு வெச்சிருந்தாங்க சார்," என்றேன்.

"யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"இவளுக்கு என்ன தெரியும் சார்? சாயந்தரம் நாலு எழுத்து படிக்கிறா, அவ்வளவுதான். மழைக்குக் குப்பை அடைச்சிருக்கும். எங்க மாப்பிள்ளை இல்லேன்னா நான் இன்னிக்குப் பொணம்."

கூட்டம் தலையாட்டியது. மாமா தலை குனிந்து நின்றார். அதையும் அடக்கம் என்றார்கள். அணை சின்னது, சுவரை உயர்த்தித் தரவேண்டும் என்று யாரோ கேட்டார்கள். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

அக்கா வீட்டின் பின்னறையில் அம்மாவுக்கு இடம் கொடுத்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, "ஏம்மா இப்படிச் சொன்னே?" என்றேன்.

அம்மா நனைந்த புடவைகளைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"என் வீடு போயிடுச்சு. அவ வீடும் போகணுமா?"