ஏலவார்குழலிக்கு ஒரு லிப்ட்

மனைவியைத் தூக்கிக்கொண்டு படியேறுவதில் கதிர்வேலுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அவன் ஓட்டிய வண்டி வாலாஜாபாத் சாலையில் சறுக்கி, ஏலவார்குழலிக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. அன்றிலிருந்து காலையில் மாடியிலிருந்து இறக்குவான், இருட்டியதும் ஏற்றுவான். கீழ்வீடு முழுக்கத் தறி. படுக்கையும் பாத்ரூமும் மாடியில். "பொண்டாட்டிய பூ மாதிரி தாங்குறாம்பா" என்று பிள்ளையார்பாளையமே பேசியது. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் முதுகு பிடித்துக்கொண்டது. லிப்ட் கம்பெனிக்குச் சொல்லிவிட்டான். அளவெடுக்க வந்த அனு செல்போனில் இரண்டு மாதிரிகளைக் காட்டினாள். ஒன்று, படிக்கட்டோரமாகத் தண்டவாளத்தில் ஏறும் நாற்காலி. மற்றது, சக்கர நாற்காலியோடு உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினால் மேலே போகும் லிப்ட். அதற்குத் தறிக்கான பாவு நூல் வைக்கும் மூலையை விட்டுத்தர வேண்டும்.

"நாற்காலியே போதும்மா," என்றான் கதிர்வேல். "மூலைய உட்டா பாவு எங்க வெக்கிறது? நானே தூக்கி உக்கார வெச்சிடுவேன். காலைல ஒரு தபா, ராத்திரி ஒரு தபா."

"நடுவுல பாத்ரூம் போகணும்னா?"

"போவமாட்டா. தண்ணியே குடிக்கமாட்டா. டாக்டர் திட்றாரு, நானும் கத்திக்கினேதான் இருக்கேன். கேட்டாத்தானே!"

அனு அவன் மனைவி பக்கம் திரும்பினாள். "ஏங்க்கா, தாகமே எடுக்காதா?"

நூல் சுற்றிக்கொண்டிருந்த ஏலவார்குழலியின் கை நின்றது. "எடுக்கும்மா. குடிச்சா மேல போவணுமே. இவரு பாதி வேலைல எழுந்து வரணும். மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். அதப் பாக்கறதுக்கு நாக்கு காஞ்சா காயட்டும்னு இருந்துடுவேன்."

குறை சொல்லும் குரலே இல்லை அது. கதிர்வேலுக்குக் காது மடல் சுட்டது. ஆரம்பத்தில் அவள் நடுப்பகலில் கூப்பிட்டபோது, "இப்பத்தானே இறக்கினேன்" என்று தறியில் நூல் ஓட்டும் நாடாவைத் தூக்கி எறிந்தது ஞாபகம் வந்தது. நீர்க்கடுப்பும் ஜுரமுமாக அவள் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் எதிரில் அவளையே திட்டியதும் ஞாபகம் வந்தது. ஏன் குடிக்கவில்லை என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. முன்பின் தெரியாத பெண் வந்த வேகத்தில் கேட்டுவிட்டாள்.

"உனக்கு எது வேணும், குழலி?" தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

அவள் யோசிக்கவே இல்லை. "ஒருத்தரும் தூக்காம நானே போவணும்."

பாவு மூலை காலியானது. ஆவணியில் லிப்ட் ஓடியது. முதல் நாள் அவள் கதவைச் சாத்திக்கொண்டு மேலே போனாள். கூடவே எழுந்தவனை "நீங்க நெய்யுங்க" என்று உட்காரச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கமலாட்சியோடு மாடிச் சுவர் வழியாகப் பேசிச் சிரிக்கும் சத்தம் கீழே கேட்டது. வெகுநேரம் அவள் இறங்கவில்லை.

இறங்கி வந்ததும் அவன் மெல்லச் சொன்னான்: "அந்தப் பொண்ணு கேட்டத நான் கேட்டிருக்கணும்."

அவள் அவனையே பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை.