காற்றுக் கோளாறு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவன் நான். நாலு பக்கம் தள்ளி நீங்களே கண்டுபிடித்து, 'அட, நீதானா அது' என்று கேட்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொள்வது மரியாதை என்று பட்டது.

1989, தை மாதம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டன் டெலிபோனுக்குள் வைக்கிற போர்டு செய்யும் ஒரு சின்ன கம்பெனி. நான் கடைசியில் சோதனை மேசையில் இருந்தேன். போர்டு வேலை செய்தால் பச்சைச் சீட்டு, செய்யாவிட்டால் சிவப்புச் சீட்டு. சிவப்புச் சீட்டில் காரணம் எழுத வேண்டும். எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுத டிப்ளமோ படித்தவனுக்கு மனசு வருமா? 'கைக் கோளாறு' என்று எழுதினேன். ஒன்றல்ல, இரண்டல்ல, நாற்பத்தாறு சீட்டு. அந்தக் கை தாட்சாயிணியின் கை.

(தலைப்பைப் பார்த்துவிட்டு இது பேய் பிசாசு விவகாரம் என்று உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் பேய் கிடையாது. ஏ.சி. மட்டும் உண்டு.)

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'தை மாதப் பனியில் அம்பத்தூர் நனைந்து கிடந்தது, தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் எல்லாம்—'

அடித்துவிட்டேன். நனைந்தெல்லாம் கிடக்கவில்லை. விடியற்காலை செடியின் மேல் கொஞ்சம் பனி இருக்கும், எட்டு மணி வெயிலில் அதுவும் போய்விடும். மழைக்காலம் முடிந்த கையோடு வருகிற வறட்டுக் காற்றுதான் பகல் முழுக்க. ஆனாலும் பேனா தானாகப் பனி என்று எழுதுகிறது பாருங்கள், அன்றைக்குக் கம்பெனி மொத்தமும் செய்த தப்பு இதுவேதான்.

இரண்டாவது தொடக்கம்: 'சோதனை மேசையிலிருந்த இளைஞன் ஆழ்ந்த யோசனையோடு ஜன்னலைப் பார்த்தான். ஏதோ ஒன்று அவனுக்குப் பிடிபடத் தொடங்கி—'

ஜன்னலைப் பார்த்தது உண்மை. எதிர்க் கம்பெனியில் டீ வந்துவிட்டதா என்று பார்த்தேன். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. இதையும் அடித்தாயிற்று.

மூன்றாவது தடவை என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவளோடு தொடங்குகிறேன்.

3

தாட்சாயிணிக்கு இருபத்திரண்டு வயது. குத்தம்பாக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். அங்கிருந்து பூந்தமல்லி வந்து பஸ் மாறி, நின்றுகொண்டே அம்பத்தூர் வந்து சேருவாள். வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் பெர்மனென்ட் ஆக வேண்டும். வீட்டில் அவள்தான் முதன்முதலாகக் கம்பெனி வேலைக்கு வந்தவள், ஆகவே குத்தம்பாக்கமே அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

போன கோடையில்தான் ஏ.சி. போட்ட அறையில் வரிசையாக ஏழு பெண்கள். பூரான் மாதிரி கால் முளைத்த கறுப்பு ஐ.சி.யைப் போர்டில் பொருத்துவது கடைசி நாற்காலி. அது நிதானமான கை உள்ளவருக்குத்தான் கொடுப்பார்கள், தாட்சாயிணிக்குக் கொடுத்திருந்தார்கள். மார்கழி வரைக்கும் அவள் பொருத்திய போர்டில் பழுது என்று வந்தது மிகக் குறைவு.

பொங்கல் லீவு முடிந்து வந்ததும் எல்லாம் மாறியது. அறைக்குள் இருந்தால் உதடு வெடித்தது. தொண்டை வறண்டது. பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு இரண்டு தடவை மூக்கில் ரத்தம் வந்தது. நைலான் புடவை எழுந்து நடந்தால் சடசடவென்று பேசியது, இரும்பு அலமாரியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று அடித்தது. எலக்ட்ரீஷியன் வந்து வயரெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போனார். கூடவே போர்டுகள் சாக ஆரம்பித்தன. செத்தது எல்லாமே ஐ.சி. ஐ.சி.யைத் தொட்டது ஒரே கை.

சீட்டுகளைப் பார்த்த மேனேஜர் பரந்தாமன், சனிக்கிழமை வரை பார்க்கலாம், அப்புறம் அட்டைப்பெட்டி ஒட்டும் கொட்டகைக்குப் போய்விடு என்று அவளிடம் சொன்னார். கொட்டகைக்குப் போனவர் யாரும் பெர்மனென்ட் ஆனதில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பேட்டையில் ஒரு கம்பெனியில் 'கை சரியில்லை' என்று பெயர் வாங்கினால் அந்தப் பெயர் மறுநாளே அடுத்த நாலு தெருவுக்கும் போய்விடும். தாட்சாயிணி அழுதாள் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இந்தக் கையில் என்ன கோளாறு என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

4

தொழில் தெரிந்த வாசகர் ஒருவர் இந்த இடத்தில் கையைத் தூக்குவார். ஐயா, காய்ந்த காற்றில் உடம்பில் ஏறுகிற மின்சாரம் விரல் வழியாக இறங்கி ஐ.சி.யைக் கொல்லும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதே, அந்த மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிட மணிக்கட்டில் கட்டுகிற பட்டை உண்டே, அது அங்கே இல்லையா?

இருந்தது. ஒரே ஒரு பட்டை. சோதனை மேசைக்குக் கொடுத்திருந்தார்கள். அதாவது, என் கையில்.

(இந்தப் பகுதியை இரண்டு தடவை நீக்கினேன். இரண்டு தடவையும் திருப்பிச் சேர்த்தேன்.)

5

பரந்தாமன் கெட்டவர் இல்லை. ஆனால் யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த குற்றவாளி, பனி. உதடு வெடித்தால் நாம் என்ன சொல்கிறோம்? பனி வெடிப்பு. பாதம் வெடித்தால்? அதுவும் பனி. பனிக் காற்று அறைக்குள் புகுந்து ஆளையும் கெடுக்கிறது, போர்டையும் கெடுக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு ஒட்டச் சொன்னார். ஏ.சி.யை இன்னும் கூட்டி வைக்கச் சொன்னார். துப்புரவு வேலை செய்கிற கன்னியம்மாள் தினமும் பதினோரு மணிக்கு ஈரத் துணி போட்டுத் தரை துடைப்பதையும் நிறுத்தச் சொன்னார். ஈரம் ஆகவே ஆகாது என்பது உத்தரவு.

மறுநாள் மதியத்துக்குள் செத்த போர்டுகளின் கணக்கு நாற்பத்தாறைத் தொட்டது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் தாட்சாயிணி என் மேசைக்கு வந்தாள். முந்தின நாள்களின் சீட்டுகளைக் கேட்டாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சண்டை போடவில்லை, சிவப்புச் சீட்டுகளைத் தரையில் பரப்பி நேரப்படி அடுக்கினாள். ஒவ்வொரு சீட்டிலும் நான்தான் நேரம் குறித்திருந்தேன். குறித்தவன் ஒரு நாளாவது அதைப் பார்க்க வேண்டாமா?

எந்த நாளை எடுத்தாலும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை சிவப்பே இல்லை. கன்னியம்மாள் துடைத்த தரை காய்கிற நேரம் அது. தாட்சாயிணிக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அலமாரியைத் தொட்டால் சுருக்கென்று அடித்ததே இல்லை.

6

நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கதைக்காக இந்தப் பேச்சைக் கொஞ்சம் அலங்கரித்துப் பார்த்தேன், கெட்டுப்போனது. அவள் பேசியபடியே தருகிறேன்.

"பனின்னா ஈரந்தானே சார்? ஈரத்துல ஒதடு எப்டி சார் வெடிக்கும்? காஞ்சாதானே வெடிக்கும். இந்த ரூமு காஞ்சி கீது சார். பனி ஒண்ணும் உள்ள வர்ல, நாமதான் ஈரத்த வெளிய தொரத்திகினு கீறோம்."

பரந்தாமன் கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தார். பிறகு, "மெட்ராஸ்ல ஈரம் பத்தலைன்னு சொன்ன முதல் ஆள் நீதாம்மா" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வருஷம் முழுக்க வேர்வையில் ஊறுகிற ஊரில், உப்பு ஜாடியே தண்ணீர் விடுகிற ஊரில், ஈரம் போதவில்லை என்று யார் நம்புவார்? ஆனால் அந்த அறை மெட்ராசுக்குள் இருந்தாலும் மெட்ராஸ் காற்றில் இல்லை. ஏ.சி. குடித்துத் துப்பிய காற்றில் இருந்தது. அறையை ஈரமாக்கிப் பார்க்க தாட்சாயிணி அரை நாள் கேட்டாள். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. சரியாகாவிட்டால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், தானே கொட்டகைக்குப் போய்விடுகிறேன் என்றாள்.

7

ஸ்டோர் கீப்பர் சுலைமான் பாய் ஆறு கோணிப்பை கொடுத்தார். மூலையில் கயிறு கட்டி, நனைத்துப் பிழிந்த கோணிகளைக் காயப்போடுகிற மாதிரி தொங்கவிட்டாள். கீழே தண்ணீர் சொட்டாமல் டிரே. பின்னால் ஒரு ஸ்டாண்ட் ஃபேன். கன்னியம்மாள் அரை மணிக்கு ஒரு தடவை கோணியை நனைத்துக்கொண்டே இருந்தாள். அறை முழுக்க நெல் மண்டி வாடை. யாரும் முகம் சுளிக்கவில்லை.

தாட்சாயிணி பொருத்தினாள். போர்டு ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்தது. எனக்கு அன்று வேர்த்ததற்கு ஈரக் காற்று மட்டும் காரணமில்லை. அவள் ஜெயித்தால் நான் என்ன ஆவது என்ற கணக்கும் மனசுக்குள் ஓடியது.

ஐந்து மணி. நூற்றிருபது போர்டு. நூற்றுப் பதினெட்டு பச்சை. மிச்சம் இரண்டில் ஒன்று என் கையிலிருந்தே தவறி விழுந்தது. கன்னியம்மாள் விரலை மடித்து வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், எதிர்க் கம்பெனி வாட்ச்மேன் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

சுலைமான் பாய்க்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஸ்டோர் நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் வந்தபோது ஒரு வெள்ளைப் பெட்டியும் வந்ததே, காற்றுக்கு ஈரம் ஏற்றுகிற ஹியூமிடிஃபயர் என்று எழுதியிருக்கிறதே, அது எங்கே என்று கேட்டார். எல்லோரும் பரந்தாமனைப் பார்த்தார்கள்.

அவருக்குச் சைனஸ் தொல்லை உண்டு. பெட்டியோடு வந்த புத்தகத்தில் பாஷை புரியவில்லை, படம் மட்டும் புரிந்தது. மெஷினிலிருந்து புகை வருகிறது, பக்கத்தில் ஒரு ஆள் சிரிக்கிறான். ஆவி பிடிக்கிற மெஷின், கம்பெனிக்கு எதற்கு என்று முகப்பேர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மூன்று வருஷமாக நீலகிரித் தைலம் விட்டு, போர்வை போர்த்திக்கொண்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து, துண்டு போர்த்தி, அவரே கொண்டுவந்து இறக்கினார். தாட்சாயிணியைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னார். மெல்லிய வெண்புகை எழுந்தது. சுவரில் சும்மா தொங்கிய, நாங்கள் தெர்மாமீட்டர் என்று நினைத்திருந்த வட்டத்தில் இருபத்தேழில் கிடந்த முள் நகர ஆரம்பித்தது. அது காற்றின் ஈரத்தைக் காட்டுகிற முள் என்று அப்போதுதான் தெரிந்தது, மத்தியானம் ஐம்பதில் நின்றது. நாலு நாள் அறையில் தைல வாசனை போகவில்லை. அந்த வாரம் எங்கள் டெலிபோனில் பேசியவர்களுக்குச் சளி விட்டிருந்தால் அதற்கு நாங்கள்தான் பொறுப்பு.

8

அன்று சாயங்காலம் தாட்சாயிணி என் மேசைமேல் ஒரு கட்டு வெற்றுச் சீட்டை வைத்தாள்.

"நாப்பத்தாறு வாட்டி கைக் கோளாறுன்னு எழுதினீங்கோ. இப்ப காத்துக் கோளாறுன்னு எழுதுங்கோ. நாப்பத்தாறும்."

ஆறு பெண்களும் வீட்டுக்குக் கிளம்பாமல் சுற்றி நின்றார்கள். எழுதினேன். இருபதுக்கு மேல் கை வலித்தது, யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவள் ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்து, பழையதைக் கிழித்துவிட்டு, புதியதைப் போர்டில் கட்டினாள். சனிக்கிழமை அவள் கொட்டகைக்குப் போகவில்லை. மாதக் கடைசியில் கடிதம் வந்தது.

9

இத்தோடு நிறுத்தலாம். ஆனால் நான் நிறுத்தாமல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: கம்பெனி முதலாளி விழா எடுத்துப் பொன்னாடை— (முதலாளிக்கு இது தெரியவே தெரியாது.)

இரண்டு: எனக்கும் அவளுக்கும் கல்யாணம். உங்களில் பாதிப் பேர் ஆறாம் பகுதியிலிருந்தே இதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். அவள் தொண்ணூற்றொன்றில் திருமழிசை மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். நான் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன், பாயசம் நன்றாக இருந்தது.

மூன்று: பஸ் நிறுத்தத்தில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டு உடைந்து அழுகிறேன். இரண்டு பக்கம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இதுதான் முடிவு என்று தீர்மானித்து, போன மாதம், 1998 தை பிறந்ததும், பிரதியை எடுத்துக்கொண்டு அதே கம்பெனிக்குப் போனேன். தாட்சாயிணி இப்போது அங்கே சூப்பர்வைசர். மூன்று அறை, மூன்றிலும் ஹியூமிடிஃபயர். காலையில் முள்ளைப் பார்த்த பிறகுதான் பெண்களை வேலையைத் தொடங்கவிடுகிறாள். எல்லார் மணிக்கட்டிலும் பட்டை.

நின்றபடியே கடைசி வரை படித்தாள். மெஷின் வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க அழுதாதான் நான் ஜெயிச்ச மாரி ஆவுமா சார்?"

சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். தாட்சாயிணியின் கதை முடிந்தது, அதில் சந்தேகம் ஏதுமில்லை, அவள் ஜெயித்தாள். மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். என்னை என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை தெரியவில்லை என்றே எழுதுகிறேன், நீங்கள் பார்த்து ஒரு முடிவு சொல்லுங்கள்.